கைவிசேடக் காசு

ஒன்பது வயதுப் பிள்ளை மீது நான் ஒரு பழியைப் போட்டேன். பிழை என்னுடையதென்று தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. அந்தப் பழியை ஏற்றுக்கொண்டு அவன் வருடப்பிறப்புக்குத் தனக்குக் கிடைத்த கைவிசேடக் காசைக் கொண்டுவந்து நீட்டியபோது வாங்கியும் கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. திருகோணமலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். ஈய-அமிலச் சேமிப்புக் கலத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈயவீரொட்சைட்டு, நடுவில் ஐதான சல்பூரிக்கமிலம். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்ரே செய்த கலத்தின் அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. மின்னை எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈயசல்பேற்றுப் படியும், மின்னேற்றினால் அது பழையபடி திரும்பும். மின்னிறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தச் சல்பேற்று இறுகிப் பளிங்காகிவிடும், பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதாகத் திரும்பாது. பரீட்சைக்கு வராவிட்டாலும் இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை நான் முடிப்பதில்லை. 'வீட்டில் மோட்டார் சைக்கிள் சும்மா நின்றால் பற்றரியைக் கவனியுங்கோ' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவேன்.

இவ்வளவுக்கும் காரணமான பிள்ளைகளின் மின்-பைக் ரொறன்ரோவிலிருந்து வந்தது. தங்கச்சியின் மகன் வளர்ந்துவிட்டான், அவனுக்குச் சிறிதாகிப்போனதைக் கப்பலில் போட்ட பெட்டியோடு எங்களுக்கு அனுப்பியிருந்தாள். மண்ணிலும் மேட்டிலும் ஓடுகிற மாதிரிப் பெரிய பூவெட்டுச் சில்லுகள், சங்கிலி, 350 வாற் மோட்டர், இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் 12 வோல்ற் பற்றரிகள் இரண்டு தொடராக. பெட்டியைப் பிரித்த அன்றே என் மகன் அதை முற்றத்தில் நிறுத்திவைத்துச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அன்று இரவே சார்ஜரைச் சுவரில் செருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மணம், வீடு முழுக்க இருள். சார்ஜரின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் ரோர்ச் வெளிச்சத்தில் படித்தேன். எங்கள் சுவரில் வருவது 230 வோல்ற். கனடாவிலிருந்து வரும் மின்சாமானைச் செருகுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்று ஊரில் எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். இருட்டில் நின்று மகன் கேட்டான், "என்னப்பா நடந்தது?" "மாமி பழுதான சார்ஜரை அனுப்பிப்போட்டா" என்றேன். தங்கச்சிக்கும் தொலைபேசியில் அதையே சொன்னேன். பாவம், அவள் மன்னிப்புக் கேட்டாள். பார்க்காமல் அனுப்பியது தன் பிழை என்று நெடுநேரம் வருத்தப்பட்டாள். எதிர்முனையில் நான் 'பரவாயில்லை' என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

நகரில் ஒரு கடையில் புதுச் சார்ஜர் கிடைத்தது. ஈயப் பற்றரியா லித்தியமா என்று கடைக்காரர் கேட்டுத்தான் தந்தார். 24 வோல்ற் என்று எழுதியிருந்தாலும் லித்தியத்துக்கான சார்ஜர் பெரும்பாலும் 29.4 வோல்ற்றில் போய் நிற்கும், ஈயப் பற்றரியை அதில் இரவு இரவாக விட்டால் உள்ளிருக்கும் நீர் வற்றிப் பெட்டி வீங்கிவிடும். நான் வாய் திறக்க முன்னமே அவர் கேட்டுவிட்டதால் அந்தப் பிழையிலிருந்து தப்பினேன்.

கச்சான் காற்று வீசிய மாதங்கள் முழுக்க மகன் ஓடினான். உட்துறைமுகப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறுங்காணி இருக்கிறது. முன்பாதி சமதரை, பின்பாதி உவர்மலைப் பக்கமாக மெல்ல ஏறும். பள்ளிக்கூடம் விட்டதும் புழுதி கிளப்புவான். அயல் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுப்பான், ஒருவனுக்குக் கூடக் கொடுத்து ஒருவனுக்குக் குறைத்ததாகச் சண்டை வந்ததில்லை. பிறகு வாடை தொடங்கியது, மழை இறங்கியது. கடைசியாக ஓடி மின் இறங்கிய நிலையிலேயே பைக்கைப் பின் பத்திக்குள் தள்ளி, மேலே ஒரு படங்கைப் போட்டு மூடினேன்.

"அப்பா, சார்ஜ் போட்டு வைக்கோணும் எண்டு மாமி சொன்னவ" என்று மகன் வந்து சொன்னான். "மழை விடட்டும்" என்றேன். சில கிழமைகள் போய் மறுபடி ஞாபகப்படுத்தினான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகினால் முடிகிற வேலை. எங்கள் ஊர் வெப்பத்தில் பற்றரி சும்மா கிடந்தாலும் விரைவாக மின்னிறங்கும், மாதம் ஒரு தரமாவது ஏற்றி வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தைப்பொங்கல் முடிந்து வெயில் வந்த பிறகு படங்கை எடுத்தோம். இரவு சார்ஜரைச் செருகிய கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு விளக்குப் பச்சையாகிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெறும் பற்றரி அவ்வளவு விரைவில் நிறையாது, நிறைந்த மாதிரி காட்டினால் அது மின்னை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறது. நானோ மகிழ்ச்சியோடு படுக்கப் போனேன். மறுநாள் சமதரையில் ஓடிய பைக் மேட்டில் ஏறும் இடத்தில் நின்றது. சற்று நேரம் விட்டு முறுக்கினால் ஓடும், மேட்டில் மறுபடி நிற்கும். கடைசியில் முழுதாகவே அடங்கிவிட்டது.

அயல் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சேர் வந்து திருத்துவார் என்று காத்திருந்தார்கள். நான் அந்தப் பைக்கில் ஒரு ஆணியைக் கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. சில்லில் ஒட்டியிருந்த ஈரமணலைப் பார்த்தேன், மகன் பக்கம் திரும்பினேன். "கடற்கரைப் பக்கம் விட்டனீ, என்ன? உப்புத் தண்ணிக்குள்ள இறக்கினனீ."

"இல்லையப்பா, நான் தண்ணிக்குள்ள விடேல்லை."

காதைப் பிடித்துத் திருகினேன். அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால். பொய் சொல்கிறான் என்றேன். அதோடும் விடவில்லை, அவனுக்குப் பாடமும் எடுத்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இந்தத் துறைமுகத்தில்தான் தங்கின, 'அடமன்ற்', 'மெய்ட்ஸ்டன்' என்ற தாய்க்கப்பல்கள் இங்கே நின்று அவற்றைப் பராமரித்தன, 1944 ஜனவரியில் பினாங்குக்குப் பக்கத்தில் ஜப்பானியரின் 'குமா' என்ற போர்க்கப்பலைத் தாழ்த்திய 'டாலி-ஹோ' இங்கிருந்து போனதுதான் என்று சொன்னேன். அந்த நீர்மூழ்கிகள் கடலுக்கடியில் ஓடியது நூற்றுக்கணக்கான ஈய-அமிலக் கலங்களில். அந்தக் கலங்களுக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பி மாலுமிகளைக் கொன்றுவிடும் என்றேன். "உப்புத் தண்ணியும் பற்றரியும் சேரக் கூடாது எண்டு இப்ப விளங்குதா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். அழவில்லை.

நான் சொன்ன வரலாறு சரி. அதை எதற்குச் சொன்னேன் என்பதில்தான் என் கெட்டதனம் முழுவதும் இருக்கிறது. ஏனென்றால் இந்தப் பைக்கின் பற்றரி மூடி முத்திரையிட்ட வகை. உள்ளே அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறிக் கிடக்கும், சில்லில் தெறித்த தண்ணீர் அதற்குள் போக வழியே இல்லை. ஒரு குழந்தையைக் குற்றவாளியாக்கப் பொருந்தாத ஒன்றை, அவனால் எதிர்த்துப் பேச முடியாத ஒன்றை, என் படிப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினேன்.

அன்று இரவு பெட்டியைத் திறந்தேன். பியூஸ் செருகும் கூட்டில் பச்சைக் களிம்பு. கடலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிற ஊர் இது, கதவுப் பிணைச்சலிலிருந்து ரேடியோவின் ஏரியல் வரை எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்னும். களிம்பு ஏறிய இடத்தில் மின் தடைப்பட்டுச் சூடாகி, கூடு பழுப்பு நிறமாகி, பியூஸின் உள்தகடு விட்டுப்போயிருந்தது. தண்ணீருக்குள் விட்டதற்கு இதோ சாட்சி என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு செய்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வீட்டில் மாற்றுப் பியூஸ் இல்லை. விடியும்வரை பொறுக்க என் அகங்காரம் விடவில்லை. வயர்த் துண்டொன்றின் செப்பு இழைகளை முறுக்கி, பியூஸ் இருந்த இடத்தில் கட்டிவிட்டேன்.

24 வோல்ற்றில் 350 வாற் மோட்டர் சாதாரணமாக ஓடும்போதே ஏறக்குறைய 15 அம்பியர் எடுக்கும், கிளம்பும்போதும் மேட்டிலும் இன்னும் கூட. கையால் முறுக்கிய மூட்டு அதைத் தாங்காது, சூடேறும். அப்படியே எங்காவது வயர் உரசி ஒன்றோடொன்று முட்டினால், இரண்டு பற்றரியிலும் உள்ள அவ்வளவு மின்னும் ஒரே மூச்சில் பாயும். அதை அறுத்துவிடத்தான் அங்கே பியூஸ் இருக்கிறது. மறுநாள் பின்னேரம் அந்தப் பெட்டிக்கு மேலே என் பிள்ளையை ஏற்றி ஓடச் சொன்னேன். ஒரு சுற்று முடிவதற்குள் "அப்பா, மணக்குது" என்று இறங்கிவிட்டான். வயரின் மேலுறை உருகி மற்ற வயரோடு ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக்கூட எனக்குத் தைரியம் இல்லை. அப்போது நான் சொன்னது இது: "இவ்வளவு முறுக்கினால் மணக்காமல் என்ன செய்யும்?"

அதற்குப் பிறகு அவன் பைக்கைத் தொடவில்லை. பத்திப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

துறைமுகத்தில் மின்பகுதியில் வேலைசெய்து இளைப்பாறிய ஐயா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். படகுப் பற்றரி முதல் தண்ணீர்ப் பம்பு வரை அவரிடம்தான் போகும். பங்குனி மாதம் பைக்கை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். மகன் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். அதுவும் தற்செயல் இல்லை.

பெட்டியைத் திறந்ததும் அவர் கண்ணில் பட்டது என் செப்பு முறுக்கு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குறட்டால் பிடுங்கி எடுத்து வாங்கில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. உருகிய வயரை வெட்டிப் புது வயர் போட்டு, கூட்டை மாற்றி, 30 அம்பியர் பியூஸ் ஒன்றைச் செருகினார். பிறகு மீற்றரை எடுத்தார். இரண்டு பற்றரிக்கும் சேர்த்து 25 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு ஐயா" என்றேன்.

"சும்மா இருக்கேக்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும் தம்பி. வேலை குடுத்துப் பாக்கோணும்."

பழைய கார் ஒன்றின் முன்விளக்குப் பல்ப் அவரிடம் இருந்தது, 12 வோல்ற், 55 வாற். இரண்டு துண்டு வயரும் இரண்டு முதலைக் கவ்வியும் பொருத்தி வைத்திருந்தார். பற்றரிகளைப் பிரித்து, முதலாவதில் பல்பைக் கவ்வினார். வெள்ளை வெளேரென்று எரிந்தது, மீற்றர் 12.6இலிருந்து 12.2க்கு இறங்கி அங்கேயே நின்றது. அதைக் கழற்றி இரண்டாவதில் கவ்வினார். பல்ப் ஒரு கணம் வெள்ளையாக எரிந்து மஞ்சளானது, பிறகு உள்ளே இழை மட்டும் செங்கல் நிறத்தில் தெரிந்தது. மீற்றரில் இலக்கம் நிற்கவில்லை. 11, 10, 9 என்று இறங்கி 7க்குக் கீழே போனது. கவ்வியை எடுத்ததும் மெல்ல மெல்ல 12க்கு ஏறியது. மேட்டில் நின்றதும் சற்று ஆறியபின் ஓடியதும் ஏனென்று இப்போது தெளிவாகிவிட்டது. 24 வோல்ற் பைக்குகளில் மொத்த அழுத்தம் 20, 21 வோல்ற்றுக்குக் கீழே போனால் கொன்ட்ரோலர் மோட்டரை நிறுத்திவிடும். பாரம் இல்லாதபோது வோல்ற் திரும்ப ஏறி ஆளை ஏமாற்றும்.

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நான்தான் பொடியன் கைபிடியைப் போட்டு முறுக்கிப் பழுதாக்கியிருப்பான் என்றும் முன்பே சொல்லிவைத்திருந்தேனே. பொறுமையாக அதையும் பார்த்தார். முறுக்குப் பிடிக்குப் போகும் மூன்று வயரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ற் சரியாக இருந்தது. மூன்றாவதில் பிடியை முறுக்க முறுக்க ஒரு வோல்ற்றுக்குக் கீழிருந்து நாலு வரை வழுக்காமல் ஏறியது. பிறேக் பிடியில் ஒரு சின்னச் சுவிச் இருக்கும், பிறேக்கை அமத்தினால் மோட்டரை அது நிறுத்தும், அது சிக்கிக்கொண்டால் பைக் செத்த மாதிரிக் கிடக்கும். அதுவும் சுத்தமாக வேலை செய்தது.

"பொடியன்ர கை படுற சாமான் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "பற்றரி வைச்ச இடத்தில கிடந்தே செத்திருக்கு. எவ்வளவு காலம் சார்ஜ் போடாமல் விட்டது?"

"கொஞ்ச நாள்" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒன்றைப் புதிதாகவும் ஒன்றைப் பழையதாகவும் போட்டால் பழையது புதியதையும் இழுத்துக் கெடுக்கும், இரண்டையும் ஒன்றாக மாற்று, கொம்பியூட்டர் யுபிஎஸ்ஸுக்குள் வருகிற அதே 12 வோல்ற் 7 அம்பியர்-மணிப் பற்றரிதான், நகரிலேயே எடுக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டாள். "பற்றரி போட்டுதாம்" என்றேன். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஏன் போனது என்று அவன் கேட்கவில்லை, ஏனென்று தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

என் அப்பா இப்படி இருந்ததில்லை. சம்பூர்ப் பக்கம் மின்சாரம் இல்லாத வீட்டில் நாங்கள் வளர்ந்தோம். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் சனம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது எல்லாரும் அறிந்த கதை. எங்கள் ரேடியோவுக்கு ஒரு பழைய லொறிப் பற்றரி இருந்தது. அப்பா அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வருவார். ரேடியோ நின்றால் யார் தொட்டது என்று கேட்கமாட்டார். முதலில் பற்றரி முனைகளைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றி வெள்ளைப் பூளையைக் கழுவுவார், வயரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். நாங்கள் ஏழு பிள்ளைகள். பழி போட ஆள் பஞ்சமில்லை. ஆனாலும் அவர் போட்டதில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த மனிதர் அவர்.

நான் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். நேரம் வரட்டும் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். உண்மையில், தெரியாது என்று சொல்வதும் பிழைவிட்டேன் என்று சொல்வதும் 'சேர்' என்ற பெயருக்குக் குறைச்சல் என்று நினைத்தேன். பெரியவர்களிடம் அப்படி நடக்க முடியாது, அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளை கேட்கமாட்டான் என்பது எனக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. மருத்துநீர் வைத்து, கோயிலுக்குப் போய்வந்து, நல்ல நேரத்தில் கைவிசேடம் கொடுத்தோம். அம்மம்மா, மாமன்மார், அயல் வீட்டார் என்று அவனுக்குக் கிடைத்ததெல்லாம் புதுத்தாள்கள். அன்று பின்னேரம் நான் திண்ணையில் இருந்தபோது வந்து ஒரு கடித உறையை நீட்டினான்.

"என்னது?"

"பற்றரிக்கு. காணாட்டி மிச்சத்தை நீங்க போடுங்கோ. இனித் தண்ணிக்குள்ள விடமாட்டன்."

தண்ணீருக்குள் விடவில்லை என்று சொன்ன பிள்ளை, இப்போது இனி விடமாட்டேன் என்றான். தான் செய்யாததைச் செய்ததாக அவன் நம்பத் தொடங்கியிருந்தான், அல்லது என்னோடு சமாதானமாகப் போக அதுதான் வழி என்று முடிவு செய்திருந்தான். எது உண்மை என்று கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. அந்த உறையை வாங்கினேன். திறந்து எண்ணியும் பார்த்தேன். "கெட்டிக்காரன்" என்று தலையைத் தடவினேன். அந்தக் காசையும் சேர்த்துத்தான் பற்றரி வாங்கினேன்.

பைக் ஓடியது. காணியில் எங்கேயாவது ஈரம் தெரிந்தால் அவன் தூரத்திலேயே திருப்பிக்கொண்டு வருவதை வாசலில் நின்று பார்த்தேன். மற்றப் பிள்ளைகளையும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று மறித்தான். முன்பு எல்லாருக்கும் முறை வைத்துக் கொடுத்தவன், இப்போது யாருக்கும் கொடுக்கவில்லை. 'பழுதாகிப்போனால் அப்பா பேசுவார்' என்று அயல் பொடியனிடம் சொன்னது காற்றில் என் காதுக்கு வந்தது. அதன் பிறகும் சில கிழமை போயிற்று நான் வாய் திறக்க.

ஒரு நாள் இராச்சாப்பாடு முடிந்து, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் இரண்டு தரம் ஞாபகப்படுத்தியும் சார்ஜ் போடாததை, பியூஸுக்குப் பதில் வயர் கட்டியதை, அது அவனை எரித்திருக்கும் என்பதை, ஐயா பல்ப் வைத்துப் பார்த்துச் சொன்னதை, தெரிந்துகொண்டே அவன் காசை வாங்கியதை. 120 வோல்ற் சார்ஜரையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். முடிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப மாமி அனுப்பினது நல்ல சார்ஜரா?"

"ஓம்."

"மாமிக்குச் சொன்னீங்களா?"

சொல்லியிருக்கவில்லை. மறுநாள் அவன் முன்னிலையிலேயே தங்கச்சிக்கு எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்து விட்டுவிட்டாள். கடித உறையில் அதே அளவு காசைப் போட்டு அவனிடம் கொடுத்தேன். வாங்கினான், எண்ணவில்லை. அவன் காதைத் திருகும்போது நின்று பார்த்த பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொன்னேன். அவர்களுக்கு அது ஞாபகமே இல்லாத மாதிரி இருந்தது. அவனுக்கு இருந்தது.

இப்போது மாதம் ஒரு தரம் பற்றரிக்குச் சார்ஜ் போடுவது நான். இரண்டு முனையிலும் மீற்றர் வைத்து இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவது அவன். அவனுடைய முறுக்குப் பிடி, பிறேக் சுவிச், எல்லாம் அவனே பார்ப்பான், ஐயா காட்டிக்கொடுத்திருக்கிறார். நன்றாகச் செய்கிறான். ஆனால் வீட்டில் எது பழுதானாலும் என்ன பழுது என்று அவன் முதலில் சொல்வதில்லை. போன கிழமை கூடத்து மின்விசிறி நின்றது. "அப்பா, நான் தொடேல்லை" என்று சொல்லிக்கொண்டுதான் என்னைக் கூப்பிட வந்தான்.